எதெல்கா அத்தையின் பிசின் அலமாரி

போதோன்காவில் மேயர் மாறுவார், பாதிரியார் மாறுவார், பேருந்து நேரம் வாரத்துக்கு இரண்டு முறை மாறும். விளையாட்டு அரங்கத்தின் தரையில் பிசின் ஒட்டக் கூடாது என்ற சட்டம் மட்டும் இருபத்திரண்டு வருடமாக மாறவில்லை. காரணம், அதைப் போட்டது அரசாங்கம் இல்லை, அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் எதெல்கா அத்தை.

அணிக்கு ஏழு பேராக, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆடுகிறவர்கள் விரலில் பிசின் தடவிக்கொள்வது ஊர் உலகத்து வழக்கம். தடவினால் பந்து ஒற்றைக் கையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சுழற்றலாம், ஏய்க்கலாம், தலைக்கு மேலே வருவதை ஒரே தாவலில் பறிக்கலாம். ஆனால் அந்தப் பிசின் பந்தோடு நிற்பதில்லை. தரைக்கு இறங்கும், கதவுக் கைப்பிடிக்கு ஏறும், கழிப்பறைக் குழாய் வரை யாத்திரை போகும். போதோன்கா அரங்கத்தில் பகலில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவார்கள், சனிக்கிழமையானால் கல்யாணம், குளிர்காலத்தில் தீயணைப்புப் படையின் நடன விருந்து. ஒரு வருடம் அந்த விருந்தில் பத்திர எழுத்தரின் மனைவியுடைய குதிகால் செருப்பு தரையிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் கௌரவத்தை விடாமல் மீதி நடனத்தை ஒரு செருப்போடு ஆடி முடித்தாள். மறுநாள் எதெல்கா அத்தை மண்டியிட்டு, கத்தியால் சுரண்டி, வாத்துக் கொழுப்பு தடவி, அந்த இடத்தைத் துடைத்தாள். எழுந்து நின்றபோது சட்டம் பிறந்துவிட்டது.

அரங்கத்தின் சாவிகள் அத்தனையும் அவள் கழுத்தில்தான் தொங்கும். வெளியூர் அணி வந்தால் அவர்கள் பைகளை அவள் கண்ணாலேயே சோதித்துவிடுவாள். பிசின் டப்பா அகப்பட்டால் பறிமுதல். அதைத் திருட்டு என்று அவள் நினைத்ததே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு டப்பாவுக்கும் சீட்டு ஒட்டி, அணியின் பெயரும் தேதியும் எழுதி, பொருள் அறையில் இருந்த பலகை அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். வேண்டுமென்றால் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை.

இந்தச் சட்டத்தால் ஊர் அணிக்கு ஒரு லாபம் இருந்தது. போதோன்காப் பெண்கள் வெறுங்கையாலேயே ஆடி வளர்ந்தவர்கள், பந்தை இரண்டு கையாலும் குழந்தையை வாங்குவதுபோல் வாங்குவார்கள். வெளியூர்க்காரிகளோ இங்கே வந்தால் சோப்பைப் பிடிக்கிறவர்கள் மாதிரி தடுமாறுவார்கள். எதெல்கா அத்தைதான் நம் அணியின் எட்டாவது ஆட்டக்காரி என்று ஊரில் பேசிக்கொள்வது உண்டு. போன வருடம் அப்படித் தட்டுத் தடுமாறி அணி நாட்டிலேயே ஐந்தாவது இடத்துக்கு வந்தது. மேலே இருந்த இரண்டு அணிகள் ஏதோ காரணத்தால் விலகிக்கொள்ள, ஐரோப்பியக் கோப்பைக்கான கடிதம் போதோன்கா அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தது வில்மா.

வில்மாவுக்கு முப்பத்தேழு வயது. பகலில் சைக்கிளில் தபால் கொடுப்பாள், மாலையில் அணியின் தலைவி. எதிரணித் தடுப்புச் சுவருக்குள் புகுந்து, கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பாலும் தோளாலும் இடம் பிடித்து, பந்து வந்தால் திரும்பி அடிப்பதுதான் அவள் வேலை. இருபது வருடமாக அந்த இடத்தில் இடி வாங்கியிருக்கிறாள். வலது முட்டியைப் பார்த்த மருத்துவர் இந்தப் பருவத்தோடு போதும், அடுத்த வருடம் விளையாடினால் தபாலை யாராவது அவளுக்குக் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். வில்மா ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது: ஐரோப்பாவில் ஒரு சுற்று தாண்ட வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதற்கு முன்னால் வந்து நின்றது நார்வே அணி.

ஐரோப்பியப் போட்டியில் பிசினைத் தடை செய்யக் கூடாது என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பயிற்சியாளர் தெஜோ, பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியார், பாவம் சாது, அதைக் கொண்டுபோய் எதெல்கா அத்தையிடம் நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். இதை எழுதினவர் வந்து தரையைத் தேய்ப்பாரா என்று மட்டும் கேட்டாள். ஆட்டத்தன்றும் அதற்கு முந்தின நாளும் வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்கிறேன், நம் பெண்கள் பிசினோடு பயிற்சி என்ற பேச்சே எடுக்காதே என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே போதோன்கா அணி பிசின் பயிற்சியை வாத்துப் பண்ணையின் காலிக் கொட்டகையில் வைத்துக்கொண்டது. தெஜோவின் மைத்துனர் ராணுவத்தில் ஆடிய காலத்து டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே இருந்தது கல்லா பிசினா என்று தெரியாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. வெந்நீரில் வைத்து இளக்கித் தடவினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை வாத்துகள் பார்த்திருந்தால் சிரித்திருக்கும். பந்து கையை விட்டுப் போகமாட்டேன் என்றது. போன பந்து கோலுக்குப் போகாமல் எறிந்தவளின் கால் கட்டைவிரலில் விழுந்தது. பத்து நிமிடத்தில் தரையில் கிடந்த இறகெல்லாம் பந்தில் ஒட்டிக்கொண்டு, அது தானே பறந்துவிடும்போல் ஆகிவிட்டது. கோல்கீப்பர் போரிஷ்கா முகத்தில் ஒட்டின இறகோடு வீட்டுக்குப் போய், கணவன் கேட்டதற்கு ஐரோப்பாவுக்குத் தயாராகிறேன் என்றாளாம்.

முதல் ஆட்டம் நார்வேயில். அங்கே அரங்கம் கண்ணாடி மாதிரி இருந்தது, பெண்கள் ஒவ்வொருத்தியும் மின்கம்பம் உயரம். முதல் பாதியில் போதோன்காப் பெண்கள் எறிந்ததில் பாதி தரையைத்தான் குத்தியது. வில்மா ஒரு கோல்கூடப் போடவில்லை. இடைவேளையில் அவள் அந்த ராணுவ டப்பாவை நகத்தால் தோண்டிக்கொண்டிருந்தபோது, எதிரணித் தலைவி தோருன் பக்கத்தில் வந்து நின்றாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிசினுக்குள் புதைந்திருந்த வாத்து இறகைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் சொந்த டப்பாவைத் திறந்து வில்மாவின் கையில் வைத்தாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. தோருன் அவள் கையைப் பிடித்து, கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் மட்டும் கொஞ்சமாகத் தடவிக் காட்டினாள், உள்ளங்கையில் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிசின் பந்து கையை விட்டுத் தாமதமாகக் கழலும் என்பதால், எறியும்போது மணிக்கட்டை முன்னதாகவே சுண்டி விடவேண்டும் என்பதையும் செய்து காட்டினாள். எதிரிக்கு ஆட்டத்தின் நடுவே பாடம் எடுக்கிறவளை வில்மா அன்றுதான் பார்த்தாள்.

இரண்டாம் பாதியில் வில்மா இரண்டு கோல் போட்டாள். அணி 31க்கு 24 என்று ஏழு கோல் வித்தியாசத்தில் தோற்றது. இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு என்பதால், சொந்த ஊரில் எட்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் அடுத்த சுற்று. ஏழில் ஜெயித்தால் சமன், தனித்தனி எறிகளால் தீர்மானிப்பார்கள். திரும்பி வரும் வழியில் தெஜோ ராணுவ டப்பாவைக் குப்பையில் போட்டார். இனி நாம் நம் கையால் ஆடுவோம் என்றார்.

அடுத்த வாரம் நார்வேக்காரிகள் வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை மாலை ஐரோப்பிய விதிப்படி அரங்கத்தில் பயிற்சி செய்தார்கள், விதிப்படி பிசின் தடவிக்கொண்டார்கள். எதெல்கா அத்தை மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்து தரையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கண்ணை மூடித் திறந்தாள். ஞாயிறு காலை முழுக்கத் தேய்த்தாள். அதற்குள் நார்வேக்காரிகள் பைகளை உடைமாற்றும் அறையில் வைத்துவிட்டு ஊருக்குள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஆட்டம் நான்கு மணிக்கு. ஊரில் பாதி உள்ளே, மீதிப் பாதி கதவருகே. கசாப்புக் கடை லேரின்ட்ஸ் பெரிய முரசோடு முதல் வரிசையில். வாத்துக் கொழுப்பு தடவின ரொட்டியும் வெங்காயமுமாக அரங்கமே மணந்தது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்தில் வில்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தோருனுக்கு வந்த பந்து அவள் கையில் பட்டு வழுக்கிப் போனது. அடுத்ததும் அப்படியே. மின்கம்பங்கள் ஒற்றைக் கையை நீட்டும், பந்து பழக்கத்தில் ஒட்டுமென்று நம்பும், அது நன்றி சொல்லிவிட்டுப் போய்விடும். போதோன்காப் பெண்கள் இரண்டு கையாலும் பொறுக்கிப் பொறுக்கிக் கோல் போட்டார்கள். இடைவேளையில் 18க்கு 8. லேரின்ட்ஸ் முரசை உடைக்காத குறை. நார்வே அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் பெஞ்சின் மூலையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பிசினைத் தொலைத்தது அவள்தான் என்று எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். போட்டி மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு அவரவர் பொருளை அவரவர்தான் கொண்டுவர வேண்டும் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையில் கேட்பது?

தோருன் வில்மாவிடம் வந்து மூன்று விரலைத் தேய்த்துக் காட்டினாள், உங்களிடம் கொஞ்சம் இருக்கிறதா என்று. வில்மா கையை விரித்தாள். உண்மையாகவே அவளிடம் இல்லை. அந்த நிம்மதியோடு, முட்டிக்கு ஐஸ் வாங்கப் பொருள் அறைக்குப் போனாள்.

எதெல்கா அத்தை அங்கே ரொட்டிக்குக் கொழுப்பு தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. வில்மாவைப் பார்த்ததும் அலமாரியைக் கத்தியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பத்து டப்பா. ஒரு பைல மொத்தமா வச்சிருந்தாளுங்க. ஆட்டத்துல தொட்டுக்க ஷூ மேல எல்லாம் உருண்டை உருண்டையா ஒட்டி வச்சிருந்தாளுங்க, அதையும் சுரண்டி, கொழுப்பு போட்டுத் துடைச்சு வச்சேன். விருந்தாளிங்களாச்சே."

வில்மா ஐஸ் கேட்க வந்ததையே மறந்தாள். அத்தை வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக யார் வந்தாலும் செய்ததைச் செய்திருக்கிறாள், அன்றைக்கு வந்தது ஐரோப்பா என்பதும், பொறுத்துக்கொள்வதாகத் தானே சொன்னதும் அந்தப் பழக்கத்தில் அவள் கணக்கில் வரவே இல்லை. பேசாமல் இருந்துவிடலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பத்து கோல் முன்னிலை, முப்பது நிமிடம், அதற்கு அப்பால் அவள் இருபது வருடமாகக் கேட்ட அந்த ஒரு சுற்று. ஆனால் தன் கட்டைவிரலைப் பார்த்தால் அதில் தோருனின் விரல் தெரிந்தது. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"அத்தை, சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"அவங்க பொருள அவங்ககிட்டக் குடுக்கணும்."

"பத்து கோல் முன்னால இருக்கோம்டி. உனக்கு முட்டில அடியா, தலைல அடியா?"

"அங்க அவ டப்பாவ எனக்குக் குடுத்தா. நான் கேக்கல, அவளா குடுத்தா."

"எழுதிக் கேக்கச் சொல்லு."

அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். அறுபத்தோரு வயது, உயரமும் அகலமும் ஒன்று. நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரிகளை வில்மா பார்த்திருக்கிறாள், இப்படி ஒரு சுவரைப் பார்த்ததில்லை. பேச்சுக்கு நேரமில்லை. அவள் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். முதுகைத் திருப்பினாள், இடுப்பைத் தாழ்த்தினாள், பின்னால் சாய்ந்தாள். அத்தை இடதுபக்கம் நகர்ந்தாள், வில்மா வலதுபக்கமாகச் சுழன்றாள். சுழன்ற தோள் அலமாரிக் கதவில் மோத, பலகை பிளந்துகொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடத்து டப்பாக்கள் தடதடவென்று கொட்டின. பாதி ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய தேன்கூடு மாதிரி ஒரே கட்டியாக இறங்கியது. வில்மா உடைந்து கசிந்த டப்பாக்களைப் புரட்டி, புதுச் சீட்டோடு இருந்த நார்வேக்காரிகளின் பையை எடுத்தாள்.

எதெல்கா அத்தை கொழுப்புச் சட்டியைக் காப்பாற்றிக்கொண்டு அதிர்ந்துபோய் நின்றாள்.

"இது ஃபவுல்," என்றாள்.

வில்மா பையைக் கொண்டுபோய் நார்வேக்காரிகளின் பெஞ்சில் வைத்தாள். அழுத பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். எங்கே கிடைத்தது என்று தோருன் கேட்கவில்லை, சீட்டைப் பார்த்தாள், அதில் தங்கள் அணியின் பெயரையும் தேதியையும் அழகான கையெழுத்தில் பார்த்தாள், புருவத்தைத் தூக்கினாள், அவ்வளவுதான்.

இரண்டாம் பாதியில் மின்கம்பங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பதினெட்டு, ஒன்பது என்று தொடங்கிய ஆட்டம் மெல்ல மெல்ல நெருங்கியது. முரசு தளர்ந்தது. கடைசி நிமிடத்தில் 27க்கு 21. ஆறு கோல் முன்னிலை. இன்னும் ஒன்று போட்டால் சமன், உயிர் மிச்சம். ஐந்து வினாடி இருக்கும்போது சுவருக்குள் நின்ற வில்மாவுக்குப் பந்து வந்தது, தலைக்கு மேலே, மோசமான உயரத்தில். இரண்டு கையும் எட்டாது. ஒற்றைக் கையை வீசினாள். பந்து கையில் ஒட்டிக்கொண்டது.

இடைவேளையில் உடைந்த டப்பாக்களைப் புரட்டியதில் விரலெல்லாம் பிசின், அவசரத்தில் அவள் துடைக்கவில்லை. அரங்கமே எழுந்து நின்றது. இருபது வருடத்தில் அவள் இப்படி ஒரு பந்தைப் பிடித்ததே இல்லை. திரும்பினாள், கோல்கீப்பரின் இடதுபக்கம் முழுசாகத் திறந்திருந்தது, எறிந்தாள். மணிக்கட்டை முன்னதாக விடவேண்டும் என்பது ஞாபகம் வந்தது, ஆனால் விட்ட பிறகுதான் வந்தது. பந்து கோல் கோட்டுக்கு முன்னால் தரையைக் குத்தி எழும்பி, கம்பத்துக்கு மேலே போய், லேரின்ட்ஸின் முரசில் விழுந்தது. அன்று அந்த முரசு போட்ட கடைசிச் சத்தம் அதுதான்.

போதோன்கா ஜெயித்தது, ஐரோப்பாவை விட்டும் போனது. வில்மா தரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதாள். தோருன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

விஷயம் அதற்குள் கசிந்துவிட்டது. கூட்டம் பொருள் அறை வாசலில் திரண்டது. பத்து கோல் முன்னால் இருக்கும்போது அலமாரியைத் திறந்து எதிரிக்குப் பிசின் கொடுத்த புண்ணியவான் யார் என்று லேரின்ட்ஸ் முன்னால் நின்று கேட்டான். பின்னால் வந்த வில்மா வாயைத் திறந்தாள். எதெல்கா அத்தை முந்திக்கொண்டாள்.

"நான்தான். என் சாவி, என் அலமாரி. உன் மக கல்யாணம் மே மாசம் இங்கதான லேரின்ட்ஸ்?"

இல்லை, ஆமாம், சும்மா கேட்டேன் என்று லேரின்ட்ஸ் மென்று விழுங்கினான். கூட்டத்தில் எல்லோர் வீட்டிலும் ஏதாவது ஒரு விசேஷம் அந்த அரங்கத்தில் நடக்க வேண்டியிருந்தது. கலைந்து போனார்கள். பிளந்த கதவை ஒருவரும் கவனிக்கவில்லை, அத்தை அதை மறைத்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

வில்மா நன்றி சொல்லப் போனாள். அத்தை அதற்கு இடம் கொடுக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினாள். வில்மா தோருனின் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அத்தை சீட்டு ஒட்டி, பேனா முனையை நாக்கில் நனைத்து, பெயரும் தேதியும் எழுதினாள். பக்கத்தில் 27க்கு 21 என்றும் எழுதினாள். வேறு எந்த டப்பாவிலும் அவள் கோல் எண்ணிக்கை எழுதியதில்லை.

"வேணும்னா எழுதிக் கேளு," என்றாள்.

திங்கட்கிழமை காலை வில்மா அஞ்சலகத்தில் உட்கார்ந்து எழுதினாள். மரியாதைக்குரிய அரங்கப் பொறுப்பாளர் அவர்களுக்கு என்று தொடங்கி, ஒரு டப்பா பிசினைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி, தானே முத்திரை குத்தி, தானே சைக்கிளில் எடுத்துப்போய் அரங்கத்துப் பெட்டியில் போட்டாள். ஒரு சுற்றைக் கைவிட்டதற்காக அவள் வருத்தப்படாமல் இல்லை. அன்று காலை மட்டும் நான்கு தெருவில் நான்கு முறை வருத்தப்பட்டாள், அதில் இரண்டு முறை நன்றாகவே.

பதில் புதன்கிழமை வந்தது. தபால் பிரிக்கும்போது தன் பெயரைத் தானே பார்த்து அங்கேயே கிழித்துப் படித்தாள். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, டப்பா அரங்கத்திலேயே இருக்கும் என்று முதல் வரி சொன்னது. அதற்குக் கீழே, செவ்வாய்தோறும் ஆறு முதல் ஏழு வரை அணி அந்தத் தரையில் பிசினோடு பயிற்சி செய்யலாம், மணிக்கட்டை எப்போது விடவேண்டும் என்பதைத் தலைவி முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், அடுத்த வருடமும் அப்படி எறிந்தால் தரை தாங்காது என்று இருந்தது. ஏழு மணிக்குப் பிறகு துடைப்பதற்குத் துணியும் வாத்துக் கொழுப்பும் ஆட்டக்காரிகளே கொண்டுவர வேண்டும்.

அடுத்த வருடம் என்ற இரண்டு வார்த்தையை வில்மா மூன்று முறை படித்தாள். வலது முட்டியைத் தடவிப் பார்த்தாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, அன்றைய தபாலையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, முதலில் வாத்துப் பண்ணைக்குக் கொழுப்பு வாங்கப் போனாள்.